தவமணியின் விரல் நுனிகள்

தவமணிக்கு இரண்டு முறை அநீதி நடந்தது. முதல் முறை அவள் உயிரோடு இருந்தாள்.

மூத்த மகள் அமுதாவின் கல்யாணத்தில் அவளை மேடையேற விடவில்லை. பிடித்துத் தள்ளவில்லை, அதெல்லாம் நாகரிகமான குடும்பங்கள், அப்படிச் செய்ய மாட்டார்கள். "நீங்க பந்தியக் கவனிங்க சம்பந்தி, நம்ம ஆளு ஒருத்தர் அங்க நின்னாத்தான் ஒழுங்கா நடக்கும்" என்றார்கள். பந்திக்குப் போனால் அங்கேயும் இலைப் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டார்கள். தாலி ஏறிய நேரம் அவள் பின்கட்டில், காலி சாம்பார் வாளிகளுக்கு நடுவில் நின்றாள். மேளச் சத்தத்தை வைத்துத்தான் முகூர்த்தம் முடிந்தது என்று தெரிந்துகொண்டாள்.

இத்தனைக்கும் காரணம் அவள் விரல் நுனிகளில் இருந்த வெள்ளை. உதட்டோரம் கொஞ்சம், வலது கண்ணோரம் மிளகளவு. தோலில் நிறம் போன இடங்கள், அவ்வளவே. ஒட்டாது, தொற்றாது என்று எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார். யார் கேட்டார்கள்? அவள் ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைத்தவள். விரல் வெளுக்கத் தொடங்கியதும் கரண்டியை வாங்கிக்கொண்டு பாத்திரம் தேய்க்க அனுப்பினார்கள். அவள் தேய்த்த தட்டில்தான் அதே பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அதில் மட்டும் ஒட்டாதாமா? பயத்துக்கு ஏது தர்க்கம்!

இரண்டாம் முறை அவள் இறந்துபோயிருந்தாள். இளைய மகள் தேன்மொழியின் கல்யாணத்தில் மேடைக்கு வந்தாள், எல்லார் முன்னாலும் கை தூக்கி ஆசீர்வாதம் செய்தாள். ஆனால் அந்தக் கையில் வெள்ளை இல்லை. உதட்டோரம் இல்லை. கண்ணோரம் இல்லை. துடைத்திருந்தார்கள்.

துடைத்தவர் பெயர் துரைக்கண்ணு. அவர் கெட்டவர் இல்லை. அதுதான் இதில் பெரிய சங்கடம். கெட்டவர்கள் செய்வதை எதிர்த்துச் சண்டை போடலாம். நல்லவர்கள் பிரியத்தோடு செய்வதை எங்கே கொண்டுபோய் முறையிடுவது?

செத்துப்போன அப்பா அம்மாவைக் கல்யாண மண்டபத்துத் திரையில் நடந்து வரவைப்பது இப்போது பல ஊர்களிலும் நடக்கிறது. விளக்கை அணைப்பார்கள். திரையில் ஒரு கதவு திறக்கும். போனவர் பட்டுச் சேலையிலோ வேட்டி சட்டையிலோ மெல்ல நடந்து வந்து கையை உயர்த்துவார். மண்டபமே விசும்பும். திருச்சி உறையூரில், ஒரு பெயின்ட் கடையின் மாடியில் இருந்த ஸ்டுடியோவில் அந்த வேலை நடந்தது. கம்ப்யூட்டரில் ஆளை உருவாக்கி, வீட்டை உருவாக்கி, விளக்கு வைத்து, படம் படமாக வரைந்தெடுத்து ஓட்டுவார்கள்.

நடத்தியவள் ஃபௌசியா. முப்பது வயதுகூட ஆகவில்லை. அவளிடம் தொழில் கற்க வந்த துரைக்கண்ணுவுக்குப் பாதித் தலை நரைத்திருந்தது. அதுவரை ஒரு ஃபோட்டோ ஸ்டுடியோவில் டச்சப் செய்தவர். பரு, தழும்பு, கண்ணுக்கடியில் கருப்பு, எதுவானாலும் அவர் கை பட்டால் போய்விடும். அவர் அவளை "டீச்சர்" என்பார். அவள் அவரை "அண்ணே" என்பாள். உருவங்களைச் செய்கிற ஜெரால்டு, "குருகுலத்துல இப்படி ஒரு தலைகீழ் ஜோடிய எங்கயும் பாத்ததில்லப்பா" என்று சிரிப்பான்.

முதல் நாள் ஃபௌசியா அவருக்கு ஒரு படத்தைக் காட்டினாள். அழகான கூடம். ஆனால் சுவரிலும் சேலையிலும் இருட்டு மூலையிலும் உப்புக் கல்லைச் சிதறவிட்ட மாதிரி வெள்ளைப் புள்ளிகள்.

"தூசியா டீச்சர்?"

"மின்மினின்னு சொல்லுவோம். கம்ப்யூட்டர் வரையும்போது தானா விழும். இருக்கக் கூடாத எடத்துல பளிச்சுனு ஒரு புள்ளி. அத எடுக்கறதுதான் உங்க வேலை."

"மெஷினே எடுத்துக்காதா?"

"எடுக்கும். கூடவே புருவத்தையும் வழிச்சுரும். அதான் கண்ணுள்ள ஆளு வேணும்."

"எது மின்மினின்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது?"

"சந்தேகம் வந்தா அதச் சுத்தி ஒட்டி இருக்கற எட்டுப் புள்ளி இருக்குல்ல, அந்த எட்டுப் பேரைக் கேளுங்க. எட்டுப் பேரும் இருட்டா இருந்து அது மட்டும் எரிஞ்சா எடுத்துருங்க. அந்த எட்டுப் பேரோட நிறத்தையே அதுக்கும் பூசிருங்க."

"பஞ்சாயத்து மாதிரின்னு சொல்லுங்க."

"தீர்ப்பும் அதே மாதிரிதாண்ணே இருக்கும்" என்றான் ஜெரால்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இன்னொண்ணு" என்றாள் ஃபௌசியா. "முன்னாடி படத்தையும் பாருங்க, பின்னாடி படத்தையும் பாருங்க. மின்மினி ஒரு படத்துல இருக்கும், அடுத்ததுல இருக்காது. எல்லாத்துலயும் இருந்து, கை நகர்ந்தா கூடவே நகர்ந்துச்சுன்னா அது அந்த ஆளோடது. அதத் தொடாதீங்க."

துரைக்கண்ணு தலையாட்டினார். சீக்கிரமே கெட்டிக்காரர் ஆகிவிட்டார். அவர் கை பட்ட படத்தில் ஒரு பொட்டு தங்காது.

அப்போதுதான் தேன்மொழி வந்தாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்பு, பேச உட்கார்ந்தால் எதிராளி எழுந்து போகிறவரை விடாதவள். கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தது. தன் போனிலிருந்து ஒரு படத்தைக் காட்டினாள். தவமணி மொச்சை உரித்துக்கொண்டு, யாரோ சொன்னதற்கு வாய்விட்டுச் சிரிக்கிறாள். படம் எடுப்பது தெரியாது. தெரிந்திருந்தால் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டிருப்பாள். விரல் நுனிகள் மைதா ஒட்டியது போல வெளுத்திருந்தன.

"அம்மா எப்படி இருந்தாங்களோ அப்படியே வரணும்க்கா. இந்தக் கை, இந்த உதடு, எல்லாம். மாப்பிள்ளை வீட்டுல ஒரு மாசம் சண்டை போட்டு ஒத்துக்க வச்சிருக்கேன். என் மாமியார், 'தெரையிலதான வரப்போறாங்க, கொஞ்சம் பவுடர் போட்டு விடச் சொல்லக் கூடாதா'ன்னு கேட்டாங்க. அப்படின்னா கல்யாணமே வேணாம்னேன். அப்புறந்தான் எறங்கி வந்தாங்க."

"கண்டிப்பா" என்றாள் ஃபௌசியா.

அடுத்த மேசையில் துரைக்கண்ணு இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கேட்டுச் சிரித்துக்கொண்டார். ஃபோட்டோ எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள், அவருக்குத் தெரியாதா? 'இருக்கற மாதிரியே எடுங்கண்ணே' என்பார்கள். இருக்கிற மாதிரியே கொடுத்துப் பார், முகம் சுருங்கும். சொல்வது ஒன்று, மனசில் கிடப்பது ஒன்று. அந்த மனசில் கிடப்பதைச் செய்கிறவன்தான் தொழில்காரன்.

ஜெரால்டு பாடுபட்டு ஒவ்வொரு விரல் நுனியாக அந்த வெள்ளையை வைத்தான். படங்கள் வரையப்பட்டு வந்தன. துரைக்கண்ணு மின்மினிகளை எடுத்தார். கதவில் இருந்ததை எடுத்தார், குத்துவிளக்கின் பக்கத்தில் இருந்ததை எடுத்தார். பிறகு உதட்டோரம், கண்ணோரம் இருந்த வெள்ளையையும் கையில் இருந்ததையும் எடுத்தார். தூக்கிய கையில் விரல் விரலாக, படம் படமாக.

ஃபௌசியா கடைசியாக ஓட்டிப் பார்த்தாள். மின்மினி இருக்கிறதா என்றுதான் பார்த்தாள். ஒன்றுகூட இல்லை. "சுத்தமா இருக்குண்ணே" என்றாள். அவருக்கு உச்சி குளிர்ந்தது.

கல்யாணம் முடிந்து அந்த வாரமே ஒரு மத்தியானம் தேன்மொழி மாடியேறி வந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிற்றின் புது நிறம் இன்னும் மாறவில்லை. உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"யாரு அழிச்சது?"

ஃபௌசியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எதம்மா?"

"எங்கம்மாவ."

ஃபௌசியா படத்தைப் போட்டாள். கதவு திறந்தது. தவமணி வந்தாள். கை தூக்கினாள். ஐந்து விரலும் ஒரே நிறம். ஜெரால்டு எழுந்து வந்து பின்னால் நின்றான்.

"பெரியம்மா மேடைக்கு முன்னாடி வந்து, 'அடியே, தவமணிக்குச் சரியாயிருச்சேடி'ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டு அழறாங்க. செத்து ஒரு வருஷம் கழிச்சு எங்கம்மாவுக்குக் குணமாயிருச்சு. எப்படி இருக்கு? மாமியார் என் கையப் புடிச்சுக்கிட்டு, 'நீ நல்ல முடிவு எடுத்தேம்மா'ங்கறாங்க. நான் எடுத்த முடிவாம்! ஒரு மாசம் தொண்டை கிழியக் கத்துனது நான். கடைசியில நானே வெக்கப்பட்டு அழிக்கச் சொன்ன மாதிரி ஆயிருச்சு."

"திரும்பப் பண்ணித் தர்றோம்மா."

"பண்ணி? எங்க போடறது? அடுத்த கல்யாணத்துலயா?"

ஃபௌசியா படத்தை நிறுத்தினாள்.

தேன்மொழியின் குரல் இறங்கியது. "அக்கா என்ன சொன்னா தெரியுமா? அவ கல்யாணத்துல அம்மாவப் பின்கட்டுல நிறுத்துனதுக்கு நான் அவகூட மூணு வருஷமாப் பேசறதில்ல. அம்மா செத்தப்பக்கூட எதிரெதிர் மூலையில உக்காந்து அழுதோம். இந்தக் கல்யாணத்துக்கு வந்தா. படம் முடிஞ்சதும் என் காதுகிட்ட வந்து, 'நீயும் அதத்தான செஞ்சே'ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. சாப்புடக்கூட இல்ல. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். யாரு அழிச்சது, ஏன் அழிச்சாங்க. அத எங்கக்காகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

யாரும் துரைக்கண்ணுவைப் பார்க்கவில்லை. அவருக்குத்தான் எல்லாரும் பார்ப்பது போல இருந்தது.

"நான்தாம்மா" என்றார். "மின்மினின்னு நெனச்சுட்டேன். தெரியாம நடந்துருச்சு."

"அப்படின்னா?"

"கம்ப்யூட்டர்ல தானா விழற புள்ளிம்மா. வெள்ளையா இருக்கும். அதுன்னு நெனச்சு..."

ஜெரால்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஃபௌசியா கையமர்த்தினாள். "கொஞ்சம் இங்க உக்காருங்கம்மா. உண்மையான பதில் வரும். இது இல்ல" என்று தேன்மொழியிடம் சொல்லிவிட்டு, துரைக்கண்ணுவை உள்ளறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"படம் ரொம்பத் தள்ளி இருந்துச்சு டீச்சர். புள்ளியும் சின்னப் புள்ளி..."

"அந்தம்மா கையத் தூக்கறாங்கண்ணே. புள்ளியும் கூடவே மேல போகுது."

அவர் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கீழே கடையில் பெயின்ட் டப்பாவைக் குலுக்குகிற மெஷின் தடதடவென்று ஓடி நின்றது.

"தெரிஞ்சுதான் எடுத்தேன்" என்றார்.

"ஏன்?"

"நல்லா இருக்கட்டுமேன்னுதான். வேற என்ன டீச்சர்? எனக்கென்ன அந்தம்மா மேல பகையா? பாவம், உசுரோட இருக்கும்போதுதான் அனுபவிச்சுட்டாங்க. செத்த பிற்பாடாவது நாலு பேரு முன்னாடி லட்சணமா வந்து நிக்கட்டுமேன்னு நெனச்சேன். தப்பா? எங்க கடையில எத்தனை மொகத்துல எடுத்திருக்கேன். சொல்லாமலே எடுத்திருக்கேன். ஒருத்தர்கூடத் திரும்பி வந்து, ஏன் எடுத்தேன்னு கேட்டதில்ல."

"சந்தோஷமா வாங்கிட்டுப் போவாங்களா?"

"வாங்கிட்டுப் போவாங்க."

"சந்தோஷமா?"

அவர் யோசித்தார். இதுவரை யோசித்ததில்லை. "படத்த ஒரு தடவ பாப்பாங்க. அப்புறம் செவுத்துல கண்ணாடி இருக்கும்ல, அதப் பாப்பாங்க. அப்புறம் கவர்ல போட்டுக்குவாங்க."

"பேச மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

ஃபௌசியா கம்ப்யூட்டரைத் திருப்பி அவர் பக்கம் வைத்தாள். தவமணியின் முகம் மட்டும் பெரிதாக இருக்கிற படம், அவர் கை இன்னும் படாதது, கம்ப்யூட்டர் வரைந்து போட்டபடி. இருட்டில் அங்கங்கே மின்மினிகள்.

"உக்காருங்கண்ணே. சுத்தம் பண்ணுங்க."

"இப்பவா?"

"இப்பத்தான். எட்டுப் பேரைக் கேளுங்க. அடுத்த படமெல்லாம் பாக்க வேணாம். எட்டுப் பேரு என்ன சொல்றாங்களோ அதான் தீர்ப்பு. யாரையும் விடாதீங்க."

அவர் உட்கார்ந்தார். சுவரில் இருந்த மின்மினிகள் போயின. தோளில் ஒன்று, காதுக்குப் பின்னால் ஒன்று.

"உதட்டோரம்" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் கோபம் இல்லை. எடுத்தார்.

"கண்ணோரம்."

எடுத்தார்.

"தலையில மல்லிப்பூ. சுத்தி முடி கருப்பா இருக்கே, பூ மட்டும் என்ன வெளுப்பு?"

"டீச்சர்..."

"கேட்டீங்களா எட்டுப் பேரை?"

பூப் பூவாக எடுத்தார். கருத்த முடி மிஞ்சியது.

"பல்லு."

சிரித்த வாய் இருண்டது. சிரிப்பு இருந்தது, எதற்காகச் சிரிக்கிறாள் என்பது போய்விட்டது.

"கண்ணுல ஒரு புள்ளி இருக்கு பாருங்க."

கருவிழியில், கொஞ்சம் மேலே, ஒரே ஒரு வெளிச்சப் புள்ளி. விளக்கு எதிரில் இருந்தால் எல்லார் கண்ணிலும் விழுவது.

அவர் கை நின்றுவிட்டது. "இது வேணாம் டீச்சர். இதுதான் உசுரு. இத எடுத்தா பொணம் மாதிரி ஆயிரும்."

"எட்டுப் பேரு என்ன சொல்றாங்க?"

"கருப்புங்கறாங்க."

"எட்டுப் பேருமா?"

"எட்டுப் பேரும்."

"அப்ப?"

அவர் எடுத்தார். ஒரு கண்ணில். பிறகு மற்றக் கண்ணில்.

திரையில் ஒரு பெண் இருந்தாள். தவமணியின் மூக்கு, தவமணியின் தாடை. ஆனால் அவள் யாரையும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணியை விலக்கி, 'இவங்கதானா, பாத்துச் சொல்லுங்க' என்று காட்டுவார்களே, அப்படி.

"இப்ப லட்சணமா இருக்காங்களா?" என்று ஃபௌசியா கேட்கவில்லை. கேட்பாள் என்று அவர் பயந்தார். அவள் கேட்கவே இல்லை. அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நானும் பாத்தேண்ணே" என்றாள். "கடைசியா ஓட்டிப் பாத்தது நான். சுத்தமா இருக்குன்னு உங்ககிட்ட சொன்னது நான். அந்தக் கையில ஒண்ணு கொறையுதேன்னு எனக்குத் தோணல. இருக்கறதுதான் கண்ண உறுத்தும். இல்லாதது உறுத்தவே மாட்டேங்குது."

வெளியே தேன்மொழி இருமுவது கேட்டது. காத்திருப்பவளின் இருமல்.

துரைக்கண்ணு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கதவைத் திறந்தார். தேன்மொழி அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள் போல, பெஞ்சின் ஓரத்தில்.

"அம்மா, நான் பொய் சொல்லிட்டேன். மின்மினின்னு நெனைக்கல. உங்கம்மா கைன்னு தெரிஞ்சுதான் எடுத்தேன். இருக்கற மாதிரியே வேணும்னு நீங்க சொன்னதும் காதுல விழுந்துச்சு. நீங்க சும்மா சொல்றீங்கன்னு நெனச்சேன்."

அவள் அவரையே பார்த்தாள். திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தாள், முகத்தில் தெரிந்தது. கேட்டது ஒன்றுதான்.

"நான் சும்மா சொல்றேன்னு ஏன் சார் நெனச்சீங்க?"

"அப்படிக் கேக்கறவங்கள நான் பாத்ததில்லம்மா."

அவள் போனை எடுத்தாள். அக்காவின் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அவரிடம் நீட்டினாள். மணி வெகுநேரம் அடித்தது.

"என்ன?" என்றது திருப்பூரிலிருந்து ஒரு குரல். தங்கையிடம் பேசுகிற குரல் இல்லை.

"வணக்கம்மா. நான் துரைக்கண்ணு, உங்கம்மா படம் செஞ்ச ஸ்டுடியோவுல வேலை பாக்கறேன். அந்த வெள்ளை எல்லாத்தையும் அழிச்சது நான்தாம்மா. உங்க தங்கச்சி சொல்லல. வேணும்னுதான் சொன்னாங்க. நானா எடுத்துட்டேன். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அந்தப் பக்கம் பிரஷர் குக்கர் விசிலடித்தது. யாரோ அடுப்பை அணைத்தார்கள்.

"தேனு பக்கத்துல இருக்காளா?"

"இருக்காங்கம்மா."

"போன் போட்டுக் குடுத்தது அவதான?"

"அவங்கதான். ஆனா நான் சொல்றது..."

"நெசந்தான் சார். நீங்க சொல்றது நெசமாத்தான் இருக்கும்." அமுதா கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்கும் அப்படித்தான் ஆச்சு. அம்மா மேடைக்கு வர வேணாம்னு நான் ஒரு வார்த்தை சொல்லல. மாலையும் கழுத்துமாக் குனிஞ்சு உக்காந்திருக்கேன், நிமிந்து பாத்தா அம்மாவக் காணோம். எல்லாம் மத்தவங்க பாத்துக்கிட்டாங்க. எழுந்து போய்க் கூட்டிட்டு வந்திருக்கணும். வரல. அதுக்கு வேணா என்னைக் கேக்கட்டும். ஆனா போகச் சொன்னது நான் இல்லன்னு அவகிட்ட எத்தனை தடவ சொல்லியிருப்பேன்! நம்புனாளான்னு அவளையே கேளுங்க."

போன் துண்டிக்கப்பட்டது.

துரைக்கண்ணு அந்தப் போனை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்திருந்தார். பிறகு மெல்ல அவளிடம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள்.

"நம்பல" என்றாள், யாரிடமோ.

உள்ளறைக் கதவு திறந்தே கிடந்தது. ஃபௌசியா அந்தப் பெரிய திரையில் அவர் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்துகொண்டிருந்தாள். கண்ணில் புள்ளி வந்தது. பல் வந்தது. பூ வந்தது. கண்ணோரம், உதட்டோரம். தேன்மொழி நடந்து போய் வாசலில் நின்றாள். உள்ளே போகவில்லை. கடைசியாக, தோளிலும் சுவரிலும் இருட்டு மூலையிலும் மின்மினிகள் திரும்ப வந்து ஒட்டிக்கொண்டன. அம்மா பழையபடி ஆனாள், அழுக்கும் புள்ளியுமாக, எதற்கோ சிரித்துக்கொண்டு.

ஜெரால்டு கொண்டுவந்து வைத்த டீ ஆறிப்போய் ஆடை கட்டியது.

துரைக்கண்ணுவுக்கு அந்த அறையில் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. தான் செய்ததில் ஒன்றாவது சரி என்று யாராவது சொல்ல வேண்டும். திரையில் இருட்டு மூலையைக் காட்டினார். அங்கே ஒரே ஒரு புள்ளி, யாருக்கும் சம்பந்தமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

"டீச்சர், அந்தம்மாவோடத எடுத்தது தப்பு. ஒத்துக்கறேன். ஆனா இந்த மின்மினி பொய்தான? கம்ப்யூட்டர் பண்ற தப்புதான? இத எடுத்ததாவது நியாயந்தான?"

ஃபௌசியா அந்தப் புள்ளியைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

"இதுவும் பொய் இல்லண்ணே" என்றாள். "கம்ப்யூட்டர் ஒவ்வொரு புள்ளியில இருந்தும் கதிர் கதிரா அனுப்பி வெளக்கத் தேடச் சொல்லுது. நேரா இருக்கற வெளக்க எல்லாக் கதிரும் கண்டுபுடிச்சுரும். கண்ணாடியில பட்டு, குடத்து வளைவுல பட்டு, கதவிடுக்குல நொழஞ்சு போகணும்னா வழி ரொம்பக் கஷ்டம். போனது பூரா தொலைஞ்சு போயிரும். எப்பவாச்சும் ஒண்ணு போய்ச் சேந்துரும். சேந்த வேகத்துல இப்படி எரியும்."

"பக்கத்துல இருக்கறதெல்லாம் இருட்டாத்தான இருக்கு?"

"அதுங்களுக்கும் அதே வழி இருக்கு. இன்னும் போய்ச் சேரல."

"அப்ப விட்டு வச்சா?"

"விட்டு வச்சுக் காத்திருந்தா ஒவ்வொண்ணா வந்து சேரும். இது கொஞ்சம் அடங்கும், அதுங்க கொஞ்சம் வெளுக்கும். அந்த மூலையில உள்ளபடியே வெளிச்சம் இருக்குன்னு அப்பத் தெரியும்."

துரைக்கண்ணு அவள் பக்கம் திரும்பினார். "பின்ன ஏன் டீச்சர் எடுக்கச் சொன்னீங்க?"

அவர்தான் கேட்டார். ஃபௌசியா பார்த்தது, மூன்று வருஷமாக அக்காவை நம்பாமல் இருந்து இப்போது வாசலில் நின்றவளை.

"அவ்வளவு நாள் யாரு காத்திருக்கறாங்க? மொதல்ல வந்தத அழிச்சுட்டு, அந்த மூலை இருட்டுத்தான்னு சொல்லிக் குடுத்துடறோம்."